இளமைப் பெயர்களும் இணைத்தல் விளையாட்டும்: பேராக் தோட்டப்புறம் முதல் ஈப்போ வகுப்பறை வரை

முன்னுரை

ஈப்போவில் பாலர் பள்ளியொன்றில் பயிலும் எம் உறவுச் சிறுமியின் பயிற்சித்தாள் அண்மையில் எம் பார்வைக்கு வந்தது. இடப்பக்கம் பசு, ஆடு, கோழி, புலி ஆகியவற்றின் படங்கள். வலப்பக்கம் கன்று, குட்டி, குஞ்சு, பறழ் என்னும் சொற்கள். கோடிட்டு இணைத்தல் வேண்டும். சிறுமியோ ஆட்டையும் புலியையும் 'குட்டி' என்னும் ஒரே சொல்லுடன் இணைத்திருந்தாள். 'பறழ்' இணையின்றி நின்றது. புலிக்குரிய கோட்டின்மீது சிவப்பு மையில் பிழைக்குறி இடப்பட்டிருந்தது.

இளஞ்சிறார்க்கு விலங்குகளின் இளமைப் பெயர்களைக் கற்பிக்கும் இவ்விளையாட்டு எளியது, பயன் மிக்கது. ஆயின் அச்சிறுமியின் விடை மரபு நோக்கில் பிழைதானா என்னும் வினா எளிதன்று. அவ்வினாவை முன்வைத்து, இப்பெயர்கள் தமிழரிடையே கற்பிக்கப்பட்ட முறைகள் மாறிவந்த வரலாற்றைப் பேராக் மாநிலப் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியம் காட்டும் நெகிழ்ச்சி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதினை வரையறுக்கிறது. இவ்வியலில் பிற்சேர்க்கைகள் உள என்பார் உளர். எனினும் இளமைப் பெயர்கள் குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கண வரையறை இதுவேயாகும்.

இவ்வரையறை ஒரு விலங்கிற்கு ஒரு பெயர் என்னும் அமைப்பினதன்று. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றிற்குக் குருளை என்னும் பெயரை உரித்தாக்கும் ஆசிரியர், அவற்றைக் குட்டி என்றும் பறழ் என்றும் கூறுதலை விலக்கவில்லை. குதிரை மறி எனவும் கன்று எனவும் பெயர் பெறுகிறது. யானைக்குக் கன்றும் குழவியும் உரியன. அதே வேளையில் எல்லையும் உண்டு. யானைக்குக் குட்டி என்னும் பெயர் கூறப்படவில்லை. பிள்ளை என்னும் பெயரை நாய் பெறாது.

இவ்வளவுகோலால் மேற்கூறிய பயிற்சித்தாளை அளந்து பார்ப்பின் வியப்பான முடிவு கிட்டுகிறது. சரியென ஏற்கப்பட்ட ஆட்டுக்குட்டி மரபியலில் இல்லை. ஆட்டிற்கு அங்கு உரிய பெயர் மறி. கோழிக்குரிய குஞ்சு, ஒன்பது பெயர்களுள் ஒன்றேயன்று. பிழையென அடிக்கப்பட்ட புலிக்குட்டியோ தொல்காப்பியரின் உடன்பாடு பெற்றது. ஆட்டுக்குட்டியும் கோழிக்குஞ்சும் தவறு என்பது எம் கருத்தன்று. உலக வழக்கு அவற்றை ஏற்று நெடுங்காலமாகிவிட்டது. வழக்கிற்கேற்ப விரியும் தன்மையதே மரபு என்பதற்கு அவையே சான்று. விடைப்பட்டியல் ஒருபுறம் வழக்கைப் பின்பற்றி, மறுபுறம் மரபின் பெயரால் மரபு ஏற்ற சொல்லையே விலக்குவதுதான் இங்குள்ள முரண்பாடு.

நிகண்டும் மனனமும்

திண்ணைப் பள்ளிகளில் சொற்களஞ்சியம் நிகண்டுவழி கற்பிக்கப்பட்டது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் அமைந்தமையின் மனனம் செய்தற்கு ஏற்றதாயிற்று. அந்நூலில் விலங்கின் பெயர்களுக்கெனத் தனித் தொகுதி உண்டு. ஒரு சொல்லின் பல பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொகுதியும் உண்டு. பொருளுணராது ஒப்பிக்கும் குறை இம்முறையில் இருந்தது. ஆயினும் ஒரு பொருளுக்குப் பல பெயரும் ஒரு பெயருக்குப் பல பொருளும் இருத்தல் இயல்பே என்பதை மாணாக்கன் தொடக்கத்திலேயே அறிந்தான்.

தோட்டப்புறச் சூழல்

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் ரப்பர்த் தொழில் பெருகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பேராக் தோட்டங்களுக்குப் பெருமளவில் வந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளோ, பெற்றோர் பால்மரம் சீவச் சென்றபின், ஆயாக்கொட்டகையில் வளர்ந்தனர்.

அங்குப் படவட்டைகள் இல்லை, பயிற்சித்தாள்களும் இல்லை. லயத்தின் பின்புறம் மாட்டுக் கொட்டகை இருந்தது. வாசலில் கோழியும் ஆடும் இருந்தன. பசு ஈன்ற விடியலில் கன்று என்னும் சொல் குழந்தைக்குத் தானே வாய்த்தது. நாற்றங்காலில் வளர்ந்த இளம் பால்மரத்தையும் பெரியோர் கன்று என்றே வழங்கினர். பிள்ளை, குழவி, கன்று முதலிய பெயர்கள் ஓரறிவுயிர்க்கும் பொருந்தும் என்றும், நெல்லும் புல்லும் அவ்வாறு வழங்கப்பெறா என்றும் மரபியல் கூறும். வாழைக்கன்று, தென்னம்பிள்ளை, நெல்நாற்று என நாம் வேறுபடுத்தி வழங்குவது இம்மரபின் தொடர்ச்சியே. தமிழகத்து இலக்கணம், பிரேசில் நாட்டு மரத்தின் இளமையைச் சுட்டவும் பேராக் மண்ணில் பயன்பட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போகவே, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் முதலிய நகர்ப்புறங்களில் குடியேறினர். சொல்லும் பொருளும் ஒருங்கே கிட்டிய சூழல் அதனோடு மறைந்தது. இன்று பல குழந்தைகள் கன்றைப் படத்தில்தான் காண்கின்றனர். புலியைக் காண 1961இல் தொடங்கப்பெற்ற தைப்பிங் விலங்கியல் பூங்காவிற்குச் செல்கின்றனர்.

படமும் சொல்லும்

படத்தோடு சொல்லைக் கற்பிக்கும் முறைக்கு மேலைநாட்டில் நீண்ட வரலாறு உண்டு. கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' அதன் தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்று. 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, பெயர் கற்பித்தலை மூன்று படிகளாகக் கொண்டார்: ஆசிரியர் பெயரைக் கூறல், கூறிய பெயருக்குரிய பொருளைக் குழந்தை காட்டல், காட்டிய பொருளின் பெயரைக் குழந்தை தானே கூறல். இணைத்தல் பயிற்சி இவற்றுள் இரண்டாம் படியைச் சார்ந்தது. அதாவது அது சொல்லை அடையாளங்காணச் செய்கிறது. தானே சொல்லச் செய்வதில்லை. மேலும் நான்கு படங்களுக்கு நான்கு சொற்களே தரப்படுமிடத்து, மூன்றை அறிந்த குழந்தை நான்காவதை அறியாமலே இணைத்துவிடும்.

மலேசியச் சூழலில் இதற்கு மற்றொரு முதன்மையும் உண்டு. மலாய்மொழி 'அனாக்' என்னும் ஒரு சொல்லாலேயே கன்றையும் குஞ்சையும் குட்டியையும் சுட்டுகிறது. இளமரமும் 'அனாக் போக்கோக்' எனப்படும். அது அம்மொழியின் இயல்பு. அவ்வமைப்பில் பழகும் தமிழ்க் குழந்தை 'மாட்டுக் குழந்தை' எனக் கூறுமாயின், அங்குத் திருத்தம் தேவை. ஆனால் 'புலிக்குட்டி' எனக் கூறும் குழந்தை தமிழ் அமைப்பினுள்தான் நிற்கிறது. இவ்விரு விடைகளுக்கும் ஒரே சிவப்புக்குறி இடுதல் முறையன்று.

முடிவுரை

இணைத்தல் விளையாட்டைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் விதியைச் சற்று மாற்றினாற் போதும். ஒரு சொல்லட்டைக்குப் பல விலங்குகளும் ஒரு விலங்கிற்குப் பல சொல்லட்டைகளும் பொருந்துமாறு அமைக்கலாம். வாழை, தென்னை, ரப்பர் ஆகியவற்றின் படங்களையும் சேர்க்கலாம். இணைத்தபின் அட்டையைக் கவிழ்த்துப் பெயரைச் சொல்லச் செய்யலாம். பாலர் பள்ளிக்குக் குட்டி, கன்று, குஞ்சு, பிள்ளை ஆகியன போதுமானவை. பறழ், குருளை, மறி ஆகியவற்றைப் பின்னர் முன்னவற்றிற்கு மாற்றாகவன்றிக் கூடுதலாக அறிமுகப்படுத்தலாம்.

அப்பயிற்சித்தாளைத் தோட்டத்தில் பால்மரம் சீவி எம்மை வளர்த்த அன்னையாரிடம் காட்டினோம். "புலிக்குட்டிய வேற எப்படிச் சொல்றதாம்?" என்றார். அவர் மரபியல் கற்றவர் அல்லர். சிறுமி அன்றுமுதல் புலியைக் கண்டால் வாய் திறவாது எம் முகத்தை நோக்குகிறாள். அடிக்கப்பட்ட கோடு அவளிடமிருந்து பெற்றுக்கொண்டது, அவள் ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு தமிழ்ச்சொல். விடைப்பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியர் ஒருமுறை மரபியலைப் புரட்டிப் பார்த்தல் நலம்.