ஏறியதும் ஏறாததும்

போன தை மாதம் ஒரு சாயங்காலம், அண்ணன் மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தென்மேற்கே கையைக் காட்டி நிற்கவைத்தேன். பத்து வயசு. "ஒண்ணும் இல்லையே சித்தப்பா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தென்னை மட்டைக்கு மேலே ஒரு வெளிச்சம் எழுந்தது. சத்தம் இல்லை, மினுக்கல் இல்லை. வெள்ளிக் கிரகம் எழுந்து நடக்க ஆரம்பித்ததுபோல நடுவானத்துக்கு வந்தது.

"பிளேனா?"

"பிளேன்னா செவப்பு, பச்சை லைட்டு இருக்கும். இது ஸ்பேஸ் ஸ்டேஷன்."

"உள்ள ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் கையை ஆட்டினாள். கிழக்கே இறங்கும்போது, அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே, திரியைக் குறைத்த விளக்குபோல மங்கி அணைந்துவிட்டது. அது அணையவில்லை, பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. நமக்குப் பொழுது சாய்ந்தாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது நமக்குத் தெரிகிறது. அதனால்தான் விண்கலங்களைப் பார்க்க அந்தி நேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும் தோது. நடுராத்திரியில் தாழப் பறக்கும் பெரும்பாலானவை இருட்டுக்குள் இருக்கும்.

கீழே வந்ததும் ஒரு பழைய நோட்டில் அவளை எழுதவைத்தேன். தேதி, தெரிந்த நேரம், மறைந்த நேரம், எந்தத் திசை. "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் கொஞ்சம் நீளமானது.

*

1957 அக்டோபர் 4. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோ எடை. 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. உலகம் முழுக்க ஜனங்கள் வாசலிலும் மாடியிலும் நின்று வானத்தைப் பார்த்தார்கள். நகரும் வெளிச்சத்தைக் கண்டவர்கள் ஸ்புட்னிக்கையே பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பெரும்பாலானோர் பார்த்தது ஸ்புட்னிக்கை அல்ல. அந்தச் சின்ன உருண்டை வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில்தான் இருந்தது. பளிச்சென்று போனது அதைச் சுமந்துபோன ராக்கெட்டின் உடல். வேலை முடிந்த அந்தக் காலிக்கூடும் அதே பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த 'சிவப்பு நட்சத்திரம்' ஒரு வெற்று உலோகக் கூடு.

எது கூடு, எது உருண்டை என்று பிரித்துச் சொல்ல அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். அதற்கான ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் 1956லேயே 'மூன்வாட்ச்' என்ற திட்டத்தை ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் தொடங்கியிருந்தார். விஞ்ஞானிகள் அல்லாதவர்களை வைத்துத் துணைக்கோள்களைக் கவனிப்பது அவர் யோசனை. நிபுணர்கள் பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஏற்பாடு எளிமையானது. வடக்கு தெற்காக வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தொலைநோக்கி, எதிரே ஒரு கண்ணாடி. ஆளாளுக்கு வானத்தின் ஒரு துண்டு. ஒருவர் துண்டு முடியும் இடத்தில் அடுத்தவருடையது தொடங்கும். எல்லாம் சேர்ந்தால் தலைக்கு மேலே ஒரு வேலி. எந்தக் கலம் குறுக்கே போனாலும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். பட்டதும் குரல் கொடுப்பார். ரேடியோவில் ஒலிக்கும் நேரக்கணக்கோடு அந்தக் குரலும் டேப்பில் பதிவாகும்.

இந்தக் கணக்குகளைத் தொடர்ந்து துல்லியமாகப் படமெடுக்க உலகின் 12 இடங்களில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்கள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் நைனிடாலில். ஆனால் அந்தக் கேமராக்கள் முழுசாக வேலைக்கு வருவதற்கு முன்பே ஸ்புட்னிக் மேலே போய்விட்டது. ஆரம்ப வாரங்களில் கைகொடுத்தது பள்ளிப் பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் உட்கார்ந்திருந்த அந்த வேலிதான். மூன்வாட்ச் 1975 வரை நடந்தது.

*

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்தவர் ஒரு இயற்பியல் வாத்தியார்.

ஜெஃப்ரி பெர்ரி. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் கிராமர் பள்ளியில் பாடம் நடத்தினார். காலணித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டருக்கு ஹாம் ரேடியோவில் பழக்கம். 1960இல் இருவரும் ஸ்புட்னிக்-4 அனுப்பிய சமிக்ஞையைப் பிடித்தார்கள். கிட்டே வரும் ரயிலின் ஊதல் ஒரு சுதி, தள்ளிப்போகும்போது இன்னொரு சுதி. அந்த டாப்ளர் விளைவைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் வாத்தியாருக்குக் கிடைக்குமா?

ஆனால் பாடம் முடிந்த பிறகும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்தக் கலம் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது ஓய்ந்தது என்று நாள் தவறாமல் எழுதினார்கள். 'காஸ்மோஸ்' என்ற பொதுப்பெயரில் சோவியத் வரிசையாகக் கலங்களை ஏவிக்கொண்டிருந்த காலம் அது. அறிவிப்பில் சுற்றும் நேரம், உயரம், பாதையின் சாய்வு எல்லாம் இருக்கும். எதற்காக, எங்கிருந்து என்பது மட்டும் இருக்காது. பைக்கானூர் என்ற பெயரே ஒரு கண்கட்டுதான். உண்மையான ஏவுதளம் இருந்தது தியுராதாம் என்ற இடத்தில். பைக்கானூர் என்ற ஊர் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

1966 மார்ச் 17 அன்று காஸ்மோஸ் 112 போனது. பாதையின் சாய்வு 72 பாகை. பழைய கலங்களோடு அது ஒத்துப்போகவில்லை. பாதையைப் பின்னோக்கி வரைந்துபார்த்தால் அது தெரிந்த ஏவுதளத்தில் போய் முடியவும் இல்லை. பெர்ரி அவசரப்படவில்லை. அதே வருஷம் அக்டோபரில் வேறு சாய்வில் காஸ்மோஸ் 129 போனது. இரண்டு பாதைகளையும் வரைபடத்தில் போட்டார்கள். ஒரு கோடு இருந்தால் ஏவுதளம் அதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விழுந்தது மாஸ்கோவுக்கு வடக்கே சுமார் 800 கிலோமீட்டரில், காடும் பனியுமான இடத்தில். பக்கத்து ஊரின் பெயர் பிளெசெட்ஸ்க்.

இதன் கனம் புரிய ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1960 மே 1 அன்று பெஷாவரிலிருந்து கிளம்பிய யு-2 உளவு விமானத்தின் பயணத் திட்டத்தில் இதே பிளெசெட்ஸ்க் இருந்தது. விமானி கேரி பவர்ஸ் அங்கே போய்ச் சேரவே இல்லை. வழியில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, 10 வருஷத் தண்டனை பெற்று, 1962இல் கைதிப் பரிமாற்றத்தில் திரும்பினார். பெர்ரி வரைபடத்தில் புள்ளி வைத்த சமயத்தில் உளவுத் துணைக்கோள்கள் மூலம் அமெரிக்க அரசுக்கு அந்த இடம் தெரிந்துதான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. சாதாரண ஜனங்களுக்குச் சொன்னது ஒரு பள்ளிக்கூடம்.

பிளெசெட்ஸ்க் இருப்பதை சோவியத் அரசு பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1983இல். கெட்டரிங்கில் அந்தக் கணக்கைப் போட்ட பையன்களுக்கு அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்திருக்கும்.

*

இந்த மரபு இன்னும் சாகவில்லை. 2018 ஜனவரியில் கனடாவில் ஸ்காட் டில்லி என்பவர் ஒரு ரகசிய அமெரிக்கத் துணைக்கோளை ரேடியோவில் தேடிக்கொண்டிருந்தார். சிக்கியது வேறொன்று. 2005 டிசம்பரில் திடீரென்று மௌனமான நாசாவின் 'இமேஜ்' கலம், செத்துப்போனதாக முடிவுகட்டப்பட்டது, பேசிக்கொண்டிருந்தது. அனுப்பியவர்களே கைவிட்ட பிறகும் கேட்க ஒருவர் இருந்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதைதான். வானத்தில் எதையும் ஒளிக்க முடியாது, சாமானியன் பார்த்துவிடுவான் என்று முடித்துக்கொள்ளலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், 1980 மார்ச் 18 பற்றிப் படிக்கும்வரை.

அன்று அதே பிளெசெட்ஸ்கில் ஒரு வோஸ்டோக் ராக்கெட்டுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அது வெடித்தது. 48 பேர் செத்தார்கள். விசாரணை பழியை அந்தக் குழுவினர் மேலேயே போட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போகும் வடிகட்டியில் பயன்படுத்திய பொருள்தான் கோளாறு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விபத்து நடந்ததே 1989இல்தான் சோவியத் ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது.

பிளெசெட்ஸ்க் எங்கே என்பதை உலகுக்குச் சொன்ன கெட்டரிங்காரர்கள் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காதில் என்ன விழுந்திருக்க முடியும்? அந்த ராக்கெட் மேலே ஏறவே இல்லை. ஏறாத ராக்கெட்டுக்குப் பாதை கிடையாது, சாய்வு கிடையாது, அந்தி வெயிலில் மின்னும் கூடும் கிடையாது. மாடியில் நிற்பவனுக்கு அது ஒன்றும் நடக்காத இன்னொரு சாயங்காலம். வானம் யாருக்கும் பொய் சொல்லாது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஏறியவற்றின் கதை மட்டும்தான். மற்ற கதைக்கு உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்க வேண்டும். அதற்கு ஒன்பது வருஷம் ஆனது.

இதனால் கவனிப்பவர்களின் வேலை மதிப்பிழந்துவிடாது. பெர்ரியின் நோட்டில் எது உண்டு, எது இருக்க முடியாது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

*

அண்ணன் மகளுக்கு இதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். நோட்டு மட்டும் தொடர்கிறது. இப்போது அவளாகவே நேரம் பார்த்து என்னை மாடிக்கு இழுக்கிறாள்.

போன வாரம் மேகம். குறித்த நேரத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து தேதி போட்டு, பக்கத்தில் "வரலை" என்று எழுதினாள்.

"அது வந்துச்சும்மா. நமக்குத்தான் தெரியல" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, "பாக்கலை" என்று எழுதினாள்.