வீணையின் அரக்கு மெருகு

வீணையின் அரக்கு மெருகு என்பது தஞ்சாவூர் வீணையின் பலா மரத்தின் மேல் ஏற்றப்படும் மெல்லிய பளபளப்புப் பூச்சு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு வைத்த துணிப்பொதியால் பல முறை தேய்த்து இதை உருவாக்குவர். மரவேலை செய்பவர்கள் இதை பிரெஞ்சு பாலிஷ் என்பர். மரத்தின் ரேகையை மறைக்காமல் எடுத்துக்காட்டுவது இதன் சிறப்பு. நீருக்கும் சூட்டுக்கும் தாங்காதது இதன் குறை.

பின்னணி

அரக்கு, புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். சாயத்துக்கும் முத்திரைக்கும் நகைவேலைக்கும் இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மேசை நாற்காலிகளுக்கு அரக்கு மெருகு பரவியபோது அதற்கான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து சென்றது. பெயரில் பிரெஞ்சு இருந்தாலும் பொருள் இந்தியாவுடையது. அரக்கு ஆய்வுக்கென்றே 1924ல் ராஞ்சி அருகே ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 78 சுழற்சி இசைத்தட்டுகளும் அரக்கு கலந்தே செய்யப்பட்டன.

பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலினின் பூச்சு வேறு வகை. இத்தாலியின் கிரெமோனா நகரில் ஸ்ட்ராடிவாரி செய்த ஐந்து இசைக்கருவிகளை ஆராய்ந்து 2009ல் வெளியான ஆய்வில், அடியில் உலரும் எண்ணெயும் அதன் மேல் எண்ணெயும் மரப்பிசினும் கலந்த பூச்சும் இருந்தது தெரிந்தது. வீணையின் அரக்கு மெருகு ஸ்பிரிட்டில் மீண்டும் கரையக்கூடியது. ஆகவே ஒன்றுக்குரிய பராமரிப்பு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

செட்டிநாட்டில்

செட்டிநாட்டுக்கு வீணையில் பெயர் தந்தவர்கள் காரைக்குடி சகோதரர்கள் எனப்பட்ட சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் (1888–1958). மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் மடியில் கிடத்தி வாசித்தார். சாம்பசிவ ஐயர் 1952ல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். பின்னாளில் சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்தார்.

காரைக்குடி, நாச்சியாபுரம் வட்டாரத்தின் பழைய வீடுகளில் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்களும் உண்டு. பர்மிய அரக்கு ஒரு மரத்தின் பால். உறைந்தபின் நீரைத் தாங்கும். வீணையின் மேலுள்ள பூச்சி அரக்கு அப்படியல்ல. பெயர் ஒன்று என்பதால் பாத்திரத்தைத் துடைப்பதுபோல் வீணையையும் ஈரத்துணியால் துடைத்தால் மெருகு வெளுக்கும்.

மெருகு கெடும் விதங்கள்

ஈரம் பட்ட இடத்தில் வெண்மூட்டம் படியும். சோப்பு நீரும் சோடாவும் அரக்கைக் கரைக்கும். கைகழுவும் சானிடைசர் ஒரு துளி விழுந்தாலும் அதன் ஸ்பிரிட் மெருகைக் கிளப்பிவிடும். கை உலராமல் வீணையைத் தொடக்கூடாது.

இடது கை விரல்கள் தந்தியில் வழுக்கிச் செல்ல வாசிப்பவர்கள் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். அது தண்டியில் வழிந்து தூசியுடன் சேர்ந்து கறுத்த பிசுக்காகும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதே போதுமானது.

சரஸ்வதி பூசையன்று குடத்திலும் யாளி முகத்திலும் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஈரச் சந்தனம் வெண்தழும்பை விடும். குங்குமத்தின் சாயம் மெருகில் ஊறும். விபூதித் துகள் துடைக்கும்போது கீறும். வீணைக்குப் பட்டுத்துணி சாத்தி, பொட்டைத் துணியின் மேல் வைத்தால் வழிபாடும் குறையாது, மெருகும் பிழைக்கும்.

முற்றத்து வெயிலிலோ மூடிய காரிலோ வீணையை வைக்கக்கூடாது. அரக்கு இளகி உறைத்துணியின் இழை அதில் பதியும். மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் இளகி, 24 மெட்டுகளில் சில இடம் மாறும். பிறகு மேளம் கட்டுபவரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

மறுபூச்சு

மங்கிய வீணையை உப்புத்தாளால் தேய்த்து, செயற்கை வார்னிஷ் பூசிப் புதிதாக்குவது இன்று எளிது. ஆனால் அப்படித் தேய்க்கும்போது பழைய மெருகோடு செதுக்கு வேலையின் கூர்மையும் கோடுகளில் நிரப்பிய வண்ணமும் போய்விடும். வாசித்தவரின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்களும் மறையும். அவர் வீணையை எப்படிப் பிடித்தார் என்பதற்கு அந்தத் தேய்மானமே சான்று. தடித்த செயற்கைப் பூச்சை பிறகு நீக்குவதும் கடினம்.

அரக்கு மெருகின் மென்மையே அதன் வசதியும் ஆகும். புதிய அரக்கு பழையதோடு கரைந்து ஒட்டுவதால், கெட்ட இடத்தை மட்டும் தேர்ந்த கைவினைஞர் சரிசெய்ய முடியும். தஞ்சாவூர் வீணை 2013ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு இனி செய்யப்படும் வீணைகளின் பெயரைக் காக்கும். வீடுகளில் உறைக்குள் இருக்கும் பழைய வீணைகளின் மெருகைக் காப்பது அவற்றை வைத்திருப்பவர்களின் கையில் உள்ளது.