ஓட்ஸுக்கு சர்டிபிகேட் கொடுத்தது யாரு?

நம்ம வீடுகள்ல இதைக் கவனிச்சிருப்பீங்க. அப்பாவுக்கு சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஓட்ஸ் பாக்கெட் வீட்டுக்குள்ள வந்துடும். மறுநாள் காலையில எல்லாருக்கும் இட்லி, அவருக்கு மட்டும் ஒரு கிண்ணத்துல கஞ்சி மாதிரி ஏதோ ஒண்ணு. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமா இருக்கும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்குன்னு 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுது. அப்போ எத்தனை வீட்டுல எத்தனை கிண்ணம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஓட்ஸுக்கு இந்த இடத்தை யார் கொடுத்தாங்க? எதை அளந்து பார்த்துக் கொடுத்தாங்க? இன்னைக்கு எபிசோட் இந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான்.

முதல்ல 1797-க்குப் போவோம். ஜான் ரோலோ பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர். அவரிடம் வந்த நோயாளி கேப்டன் மெரிடித். அவருக்கு ரோலோ எழுதிக் கொடுத்த டயட்டில் காலை உணவு என்ன தெரியுமா? பாலோடு சுண்ணாம்புத் தண்ணி கலந்து ஒரு குடி, கூடவே ரொட்டியும் வெண்ணெயும். மதியம் ரத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்த புட்டிங். பிரதான சாப்பாட்டுக்கு நாள்பட்ட, கொழுப்பு ஊறிய இறைச்சி. கேக்கவே குமட்டுதுல்ல? ஆனா மெரிடித் தேறினார். மாவுச்சத்தைக் குறைச்சா சிறுநீரில் இனிப்பு குறையுதுன்னு தெரிஞ்சுது. அடுத்த நூறு வருஷம் ஐரோப்பிய மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த இறைச்சிப் பாதையில்தான் போனாங்க.

நடுநடுவே எதிர்க்குரலும் வந்தது. 1868-ல் ஃபான் டூரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் அரிசி வைத்தியம்னே ஒண்ணு எழுதினார். ஆமா, அரிசி! சுகர் நோயாளிக்கு மருந்தாகச் சோறு. நம்ம அப்பாக்கள் காதுல இது விழுந்தா விட மாட்டாங்க.

ஆனா உலகம் பூரா பேர் வாங்கினது கார்ல் ஃபான் நூர்டனின் ஓட்ஸ் வைத்தியம். 1902 வாக்கில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்தபோது, வயிற்றுக் கோளாறுக்காக ஓட்ஸ் கொடுத்த நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதை அவர் கவனித்தார். அதிலிருந்து ஒரு முறையை உருவாக்கினார். நாளுக்கு 250 கிராம் ஓட்ஸ், கிட்டத்தட்ட அதே எடைக்கு வெண்ணெய், கூடவே முட்டை வெள்ளைக்கரு. இதை நாள் பூரா சிறு சிறு பங்காகக் கொடுக்கணும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெறும் காய்கறி மட்டும் சாப்பிடும் நாட்கள். சில நோயாளிகளுக்கு அதிசயமாக வேலை செய்தது, சிலருக்குச் செய்யலை. அது ஓட்ஸின் சக்தியா, வெண்ணெயா, காய்கறி நாட்களா என்று மருத்துவர்கள் பல வருஷம் சண்டை போட்டாங்க.

இவங்க எல்லாருமே முக்கியமாப் பார்த்தது சிறுநீரைத்தான். நம்ம சிறுநீரகம் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் அதை வெளியே விடும். டிபனுக்குப் பிறகு 170 வரை ஏறி இறங்கினால் சிறுநீர் 'சுத்தம்'. காலையில் என்ன நடந்ததுன்னு மருத்துவருக்குத் தெரியவே தெரியாது. ஓட்ஸின் பழைய சர்டிபிகேட் இப்படி ஒரு அளவுகோலில் எழுதப்பட்டது.

1922-ல் டொரொண்டோவில் 14 வயது லெனர்ட் தாம்ப்சனுக்கு முதல்முறையாக இன்சுலின் போட்டாங்க. அதுக்கப்புறம் மாவுச்சத்தை கிராம் கணக்கில் எண்ணுவது பழக்கமாச்சு. ஒரே அளவு மாவுச்சத்து இருந்தால் எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணுதான்னு ஒரு நம்பிக்கை. அதே டொரொண்டோவில் 1981-ல் டேவிட் ஜென்கின்ஸ் குழு அதை உடைச்சது. 62 உணவுகள்; ஒவ்வொண்ணையும் வெறும் வயிற்றில் சிலருக்குக் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுதுன்னு பார்த்தாங்க. இதுதான் கிளைசிமிக் இண்டெக்ஸ். ஒரே அளவு மாவுச்சத்து இருந்தும் ஏற்றம் உணவுக்கு உணவு மாறுச்சு. பருப்பு, பயறு வகைகள் ரொம்பக் கீழே. மறு வருஷமே இன்னொரு ஆய்வு: காலையில் பருப்பு சாப்பிட்டவங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை குறைவாத்தான் ஏறுச்சு. சாம்பாரைக் கெட்டியா வைக்கச் சொல்ற அம்மாவுக்கு இது நல்ல பாயிண்ட்.

ஓட்ஸ்? அது எந்த ஓட்ஸ் என்பதைப் பொறுத்தது. முழு தானியத்தை வெட்டிச் செய்த கரடுமுரடான ஓட்ஸுக்கு இந்த எண் சுமார் 55. மெல்லிசாக நசுக்கி, ஏற்கெனவே வேகவைத்து, ரெண்டு நிமிஷத்தில் ரெடியாகும் பாக்கெட்டுக்கு 80-ஐ ஒட்டி. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து வயிற்றில் பசை மாதிரி ஆகி செரிமானத்தை மெதுவாக்கும், அது உண்மை. ஆனா தானியத்தை எவ்வளவு பொடியாக்கி வேகவைக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அதன் மாவு சர்க்கரையாகும். நைசாக அரைச்ச இட்லி மாவுக்கும் இதே கதைதான். அதனால மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுக்காக இட்லியை விட்ட அப்பா பெருசா எதையும் ஜெயிக்கலை. அவருக்குப் பிடிச்ச டிபன் போனதுதான் மிச்சம்.

இன்னும் ஒருத்தரைச் சொல்லணும். 1969-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இன்ஜினியர். சின்ன வயசுலேர்ந்து டைப் 1 நீரிழிவு. ரத்தச் சர்க்கரையை அளக்கும் புது மெஷின் ஒண்ணு மருத்துவமனைகளுக்காக வந்திருந்தது. விலை 650 டாலர், அதுவும் மருத்துவர்களுக்கு மட்டும்தான் விற்பாங்க. பெர்ன்ஸ்டைனின் மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். சாப்பாட்டுக்கு முன், பின் என்று ஒரு நாளைக்குப் பல தடவை தன்னைத்தானே அளந்தார். எந்த உணவு தன்னை எவ்வளவு ஏத்துதுன்னு முதல்முறையா ஒரு நோயாளி தன் கண்ணால் பார்த்தார். நாற்பது வயசைத் தாண்டி மருத்துவம் படிச்சு டாக்டரும் ஆனார்.

இன்னைக்கு அந்த மெஷின் நம்ம வீட்டு அலமாரியில் உள்ளங்கை அளவில் கிடக்குது. பெரும்பாலும் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்போம். அந்த எண்ணில் டிபனைப் பத்தி ஒண்ணுமே இருக்காது. ஒரு நாள் மூணு இட்லி, கெட்டி சாம்பார். இன்னொரு நாள் ஓட்ஸ். ரெண்டு நாளும் முதல் வாய் வச்சதிலிருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு அளந்து, ஒரு நோட்டில் எழுதி, அடுத்த செக்கப்புக்கு எடுத்துட்டுப் போகலாம். ஒரு விஷயம் மட்டும்: இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம டிபனைத் திடீர்னு குறைக்கக் கூடாது, சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அப்பாகிட்ட அந்த நோட்டை இன்னைக்கே கொடுத்துடுங்க.