முதலில் பட்டறை, பிறகு வீடு, கடைசியில் கோவில்

மயிலையில் புனித தோமாவின் ஆலயத்தை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு சென்று, தாம் கண்டவற்றைப் பின்னர்ச் சொல்லி எழுதுவித்த ஓதொரிக் என்னும் பிரான்சிஸ்கன் துறவியின் பெயரை, இந்தியத் திருச்சபையின் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். அவர் தோன்றிய போர்தெனோனேயும், 1331இல் இறந்து அடக்கமான உதினே நகரும் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைக்கும் அத்ரியாத்திக் கடலுக்கும் இடையில் அமைந்த ஃபிரியூலி என்னும் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. தனக்கென ஒரு மொழியும், பழைமையான ஆலயங்களும், ஆழ்ந்த கத்தோலிக்க மரபும் கொண்ட மண் அது. ஆனால் நெடுங்காலம் ஏழ்மையில் உழன்ற மண்ணும்கூட. கொத்தனார்களும் கல்தச்சர்களும் தரையில் வண்ணக்கல் பதிக்கும் கைவினைஞர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் இந்த வெளியேற்றம் தொடர்ந்தது. 1960களில்தான் ஊர்ப்புறங்களில் சிறு தொழில்கள் வேர்விடத் தொடங்கின. மாயானோவில் சமையலறை மரச்சாமான், ஒசோப்போவில் எஃகும் மரப்பலகையும், சிற்றூர்களில் தச்சுப் பட்டறைகளும் இயந்திரப் பழுது பார்க்கும் கூடங்களும் எனத் தம் ஊரிலேயே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்து அதிகக் காலம் ஆகவில்லை.

அந்த வேளையில், 1976 மே 6 அன்று இரவு 9 மணிக்கு நிலம் நடுங்கியது. ஏறத்தாழ ஒரு நிமிட நேரம். அதற்குள் ஜெமோனா, வென்சோனே, ஒசோப்போ, மாயானோ, பூயா, திரசாகிஸ் முதலிய ஊர்கள் கற்குவியல்களாயின. 990 பேரளவில் மாண்டனர். ஓர் இலட்சம் பேருக்கு மேல் வீடிழந்தனர்.

அழிவுக்குப் பின் எழும் கேள்விகளுள் மிகவும் கடுமையானது, எதை முதலில் கட்டுவது என்பதே. பணம் எங்கும் அளவோடுதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்க எந்த அரசாலும் இயலாது. வீடிழந்தவன் வீடு கேட்பான். இறந்தவர்களுக்காக மன்றாடக்கூட இடமில்லாத பங்கு, கோவில் கேட்கும். ஃபிரியூலியில் இதற்கு அளிக்கப்பட்ட விடை, அந்நாளைய உதினே பேராயர் அல்ஃப்ரேதோ பத்திஸ்தியின் பெயரோடு இணைத்து இன்றளவும் சொல்லப்படுகிறது: முதலில் தொழிற்கூடங்கள், பிறகு வீடுகள், அதன்பின் கோவில்கள். ஓர் ஆயர் தம் கோவில்களைத் தாமே வரிசையின் இறுதியில் நிறுத்திக்கொண்டார் என்பது பலருக்கு வியப்பளித்தது. நமக்கு அதைவிட வியப்பளிப்பது வேறொன்று. வீடிழந்த மக்களிடமே, வீட்டுக்கும் முந்தியது வேலை என்று ஒருவர் சொல்ல முடிந்ததும், அதை அம்மக்கள் ஏற்றுக்கொண்டதுமே அது.

ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அவர்களுடைய நினைவிலேயே இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1968 ஜனவரியில், சிசிலித் தீவின் பெலிச்சே பள்ளத்தாக்கு நிலநடுக்கத்தில் அழிந்தது. அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் தகரக் குடிசைகளில் காத்திருந்ததை நாடே அறிந்திருந்தது. வேலையில்லாத ஊரில் வீட்டைக் கட்டிக்கொடுத்தால், அதைப் பூட்டிவிட்டுத் தொடர்வண்டி ஏறும் நாள் தொலைவில் இராது என்பதைப் புலம்பெயர்தலிலேயே வளர்ந்த ஃபிரியூலியருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லளவில் நின்றிருந்தால் அந்த வாக்கு ஒரு மறையுரையோடு முடிந்துபோயிருக்கும். அதைச் செயலாக்கியது அரசின் மானியமே. நிலநடுக்கம் நிகழ்ந்து ஒரு வாரத்தில், மே 13 அன்று, உரோமை அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து முதல் நிதியை ஒதுக்கியது. அடுத்த ஆண்டு, 1977 ஆகஸ்டு 8 அன்று நிறைவேறிய 546ஆம் எண் சட்டம், மீள்கட்டுமானத்துக்கான பெருநிதியை வழங்கியது. ஃபிரியூலி, வெனேத்சியா ஜூலியாவோடு சேர்ந்து தனித் தன்னாட்சி பெற்ற வட்டாரமாதலால், அந்த நிதியை உரோமை தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வட்டார அரசிடம் ஒப்படைத்தது. அந்தோனியோ கொமெல்லி தலைமை வகித்த வட்டார அரசும் அதைத் தன்னிடமே முடக்காமல், ஊர்த் தலைவர்களை அதிகாரம் பெற்ற அலுவலர்களாக்கி அவர்கள் வழியாகவே பெரும்பகுதியைச் செலவிட்டது. எவன் வீடு இழந்தான் என்பது உரோமைக்குத் தெரியாது. ஊர்த் தலைவனுக்குத் தெரியும். பொய் சொல்லிப் பணம் கேட்பவனையும் அவனே அறிவான்.

தொழில்களுக்கு உதவி இரு வழிகளில் சென்றது. ஒன்று, திருப்பித் தர வேண்டாத மானியம். மற்றொன்று, வட்டியின் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொள்ளும் கடன். பெரிய ஆலைகளுக்கு மட்டுமன்றிக் கைவினைஞர்கள், கடைக்காரர்கள், விடுதி நடத்துவோர் ஆகியோருக்கும் இவை உரியனவாயின. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறு தொழில் செய்பவனுக்கு வாழ்வா சாவா என்பதாகும். ஒரு தச்சனை எண்ணிப் பாருங்கள். பட்டறையின் கூரை விழுந்து இயந்திரம் நசுங்கிவிட்டது. அந்த இயந்திரத்தை வாங்கப் பட்ட பழைய கடன் மட்டும் நசுங்காமல் அப்படியே நிற்கிறது. அவனிடம் போய், "புதுக் கடன் தருகிறோம்" என்றால் அது உதவியாகாது. ஒரு சுமையின்மேல் மறுசுமையாகும். மானியம் அந்தப் பழைய இழப்பை ஊரும் நாடும் பங்கிட்டுக்கொள்ளும் வழி. இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். ஆறு மாதம் நாற்காலி செய்து தராதவனை விட்டு அடுத்த ஊர்க்காரனிடம் போய்விடுவார். போனவர் திரும்புவது அரிது. ஆதலால் காலந்தாழ்ந்து வரும் பெருந்தொகையைவிட விரைந்து வரும் சிறுதொகை மேலானது. பொருளியல் நூல்கள் இதைச் சொல்வது இருக்கட்டும்; எந்தப் பங்கின் கடைத்தெருவிலும் இதை அறியாதவர் இல்லை.

1976 செப்டம்பரில் இம்முயற்சி முழுதும் முறிந்துவிடும் போலிருந்தது. 11, 15 ஆகிய நாள்களில் மீண்டும் கடுமையாக நிலம் அதிர்ந்தது. மே மாதத்தில் தப்பி நின்றவையும், கோடையில் செப்பனிட்டவையும் வீழ்ந்தன. குளிர்காலம் நெருங்கியது, கூடாரங்களில் குழந்தைகளை வைத்திருக்க இயலாது. அரசின் சிறப்பு ஆணையர் ஜுசேப்பே சம்பெர்லெத்தி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை லிஞ்ஞானோ, கிராதோ முதலிய கடற்கரை ஊர்களின் கோடை விடுதிகளில் தங்கவைத்தார். பிற்காலத்தில் இத்தாலியப் பேரிடர்க் காப்புப் பணியின் தந்தை என்று போற்றப்பட்டவர் அவர். நாம் இங்குக் குறிப்பிட விரும்புவது அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு செயலை. தொழிலாளர்கள் ஒவ்வொரு நாளும் கடற்கரையிலிருந்து பேருந்துகளில் ஏறி மலையடிவார ஆலைகளுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பினார்கள். படுக்க வீடில்லாத ஊரில் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. 1977 இளவேனிற்காலத்தில் தற்காலிக வீடுகள் எழுந்தபோது மக்கள் திரும்பி வந்ததற்கு, அந்தப் பேருந்துகள் அறுபடாமல் காத்த இழை ஒரு பெருங்காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

விவிலியம் கற்றவர்கள் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். பாபிலோனியாவிலிருந்து திரும்பிய மக்கள், மரப்பலகை வேய்ந்த வீடுகளில் தாங்கள் குடியிருந்துகொண்டு ஆண்டவரின் இல்லத்தைப் பாழாக விட்டிருந்ததை இறைவாக்கினர் ஆகாய் கடிந்துரைக்கவில்லையா? கடிந்துரைத்தார். ஆனால் அவர் கடிந்துகொண்டது வசதியாக அமர்ந்துவிட்டவர்களை. இடிபாட்டிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களை அல்லர். மறுபக்கம் மிலான் ஆயர் புனித அம்புரோஸ் இருக்கிறார். போரில் சிறைப்பட்டோரை மீட்கத் திருக்கலங்களை உருக்கினார். அதற்காகப் பழியும் சுமந்தார். கோவிலின் பொன்னைவிட மனிதர் அருமையானவர் என்பது 4ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை செயலில் காட்டிய போதனை. பேராயர் பத்திஸ்தி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய கருவூலத்திலிருந்தே எடுத்தார். திருச்சபை அந்நாள்களில் கைகட்டி நிற்கவும் இல்லை. இத்தாலியக் காரித்தாஸ், நாட்டின் மறைமாவட்டங்களை நிலநடுக்கம் கண்ட பங்குகளோடு ஒன்றுக்கொன்றாக இணைத்து, நெடுநாள் உடனிருக்கும் உறவை ஏற்படுத்தியது.

பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட 'குவாத்ராஜேசிமோ ஆன்னோ' சுற்றுமடலை குருமடத்தில் படித்தபோது, சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்ற கோட்பாடு நமக்கு ஏட்டுச் சரக்காகவே தோன்றியதுண்டு. அது எப்படி இயங்கும், இயங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே நாட்டில் நான்கு ஆண்டு இடைவெளியில் வரலாறு காட்டிவிட்டது.

1980 நவம்பர் 23, ஞாயிறு மாலை. தென் இத்தாலியின் இர்ப்பீனியா மலைநாட்டில் நிலம் நடுங்கி மூவாயிரம் பேரளவில் மாண்டனர். பல்வானோ என்னும் சிற்றூரில் மாலைத் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது கோவில் இடிந்து விழுந்து 77 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர், சிறுமியர், இளையோர். குடியரசுத் தலைவர் பெர்த்தினி அந்த ஊர்களைப் பார்த்துத் திரும்பி, உதவி தாமதமானதைத் தொலைக்காட்சியில் நாட்டின்முன் வெளிப்படையாகக் கண்டித்தார். பெலிச்சேயின் பெயரையும் அப்போது நினைவூட்டினார். 1981 மே 14 அன்று 219ஆம் எண் சட்டம் வந்தது. அதன் 32ஆம் பிரிவு, மலைப்பகுதிகளில் வகுக்கப்பட்ட இருபது தொழில் வட்டாரங்களில் புதிதாக ஆலை நிறுவுவோருக்குச் செலவில் 75 விழுக்காட்டை மானியமாக அளித்தது.

நோக்கம் நல்லதே. தொழில் வளமில்லாத தெற்கில், இடிந்ததை மட்டும் மீட்டால் பழைய வறுமைதான் மீளும் என்று சட்டம் இயற்றியோர் கருதியதில் நியாயம் இருந்தது. ஆனால் பணம் இப்போது, இழந்தவனைத் தேடிச் செல்லவில்லை, வரப்போகிறவனுக்காகக் காத்திருந்தது. முக்கால் பங்கைப் பிறர் தரும்போது, தொழிலில் வல்லவரோடு மானியம் பெறுவதில் வல்லவரும் வந்தனர். மலையைக் குடைந்து சாலைகள் அமைந்தன. அவற்றின் முடிவில் எழுந்த ஆலைகளுள் பல சில ஆண்டுகளில் மூடிக்கிடந்தன. ஆஸ்கர் லூயிஜி ஸ்கால்ஃபரோ தலைமையில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைந்து 1991இல் அறிக்கை தந்தது. அவர் மறு ஆண்டே குடியரசுத் தலைவரானார். அந்த ஆலைகள் திறக்கவில்லை. எல்லாம் வீணாயிற்று என்று சொல்வதும் நேர்மையாகாது. பல்வானோவிலும் சாந்த் ஆஞ்சலோ தேய் லொம்பார்தியிலும் ஃபெரேரோ நிறுவனம் தொடங்கிய தின்பண்ட ஆலைகள் நிலைத்து நின்றன. சிறுவர் மாண்ட ஊரில் சிறுவருக்கான இனிப்பு உருவாகிறது.

ஃபிரியூலியையும் குறையற்ற ஊராக வரைய வேண்டியதில்லை. தற்காலிக வீடுகள் வாங்கியதில் கையூட்டுப் பெற்றதாக 1977இல் வழக்கு எழுந்து, கைதுகளும் நடந்தன. சமவெளி ஊர்கள் தொழிலால் தழைத்தபோது, உயர்ந்த மலைச் சிற்றூர்கள் மானியத்துக்குப் பின்னும் ஆளில்லாமல் தேய்ந்தன. மேலும், தொழிலுக்கு மானியம் என்றால், தொழில் உண்டென்று காட்டும் தாள் வைத்திருப்பவனுக்கு மானியம் என்றே எங்கும் பொருளாகிவிடுகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பின் நம் கடற்கரையில் படகுக்கு உரிமையாளர் எவர் என்று கேட்டுப் பதிந்துகொண்டவர்களுக்கு, அந்தப் படகில் கூலிக்குப் போனவனும், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்ணும், வலை பின்னிய முதியவரும் எளிதில் கண்ணில் படவில்லை. அவர்களுக்கும் அது தொழில்தான். அவர்கள் இழந்ததைப் பதிய ஏட்டில் இடம் இருக்கவில்லை.

இறுதியாக, வரிசையில் கடைசியாக நின்ற கோவில்களைப் பற்றி. வென்சோனேயின் தூய அந்திரேயா பெருங்கோவில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மே மாத நடுக்கத்தில் புண்பட்டு நின்றது. செப்டம்பர் 15இல் சரிந்தது. ஊரார் அதன் கற்களைக் குப்பையோடு அள்ளிக் கொட்ட விடவில்லை. ஆயிரக்கணக்கான கற்களைத் திடலில் பரப்பி, ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் எந்த இடத்துக்குரியது என்று பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு எண்ணிட்டார்கள். ஆலைகள் இயங்கின, வீடுகள் எழுந்தன, 1978இல் உதினேயில் மக்கள் நெடுநாள் கேட்டிருந்த பல்கலைக்கழகமும் திறந்தது. கற்கள் காத்திருந்தன. 1980களின் இறுதியில்தான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பழைய இடங்களிலேயே அடுக்கத் தொடங்கினார்கள். 1995இல், இடிந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு, கோவிலின் கதவு திறந்தது. அல்ஃப்ரேதோ பத்திஸ்தி அப்போதும் உதினேயின் பேராயராகவே இருந்தார்.