கடுப்பு இறங்கிய கதை

கடம்பத்தூர் வட்டாரத்தில் செங்கல் சூளைகள் அதிகம். அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் அடுக்குக்குள் ராத்திரியில் தேள் புகுந்துகொள்ளும். விடியற்காலையில் கல்லெடுக்கக் கைவிட்டால் விரல் நுனியில் கொட்டும். மருந்தாளுநராக வேலை பார்த்த காலமெல்லாம் அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆயா காலத்தில் முதலில் தேடிப்போவது பார்வை பார்க்கிறவரைத்தான். வேப்பிலைக் கொத்தால் தோளிலிருந்து கீழ்நோக்கி நீவிக்கொண்டே, "கடுப்பு எதுவரைக்கும் நிக்குது?" என்பார். "முழங்கை வரைக்கும்ண்ணா." மறுபடி நீவுவார். "இப்போ?" "மணிக்கட்டுக்கு வந்துட்டுது."

அவர் வர நேரமானால் புளியங்கொட்டையைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். மேல்தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரிந்ததும் கொட்டுவாயில் வைத்து அழுத்தினால் அட்டைபோலக் கவ்விக்கொள்ளும். தானாக விழுந்தால் விஷம் இறங்கிவிட்டதென்று கணக்கு. நாயுருவி, வெங்காயம், சுண்ணாம்பு என்று வீட்டுக்கு வீடு வேறு வழிகளும் உண்டு.

இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலான தேள்கொட்டு ஒரு நாளுக்குள் தானே அடங்கிவிடும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கையை நீவிவிட ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் சிவப்புத் தேள் வேறு. அதிலும் குழந்தைகளைக் கொட்டிவிட்டால் பெரிய ஆபத்து. சில பிள்ளைகளுக்கு வலி அதிகம் தெரியாது. வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப் போகும். விஷத்தின் தூண்டுதலால் உடம்பில் அட்ரினலின் பெருகி, ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். அழுகை நின்றதைப் பார்த்துக் கடுப்பு இறங்கிவிட்டதென்று நம்பிய வீடுகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 1856 முதல் ரயில் ஓடும் தடத்தில் இருக்கும் ஊர் இது. ஆனால் ரயிலேறிச் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கே போனாலும் இதற்கென்று சரியான மருந்து அன்றைக்கு இல்லை.

வழி காட்டியவர் மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர். இதயம் கெடப்போவதைக் காட்டும் அறிகுறிகளை 1982-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1986-இல் அதே இதழில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இதற்குக் கேட்கிறது என்று எழுதினார். அதற்குமுன் அந்தப் பகுதியில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் இறந்தார்கள். பிறகு அது ஒன்றுக்கும் கீழே போனது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் வீட்டு விசேஷம் போலச் சந்தோஷப்பட்டேன்.

மருத்துவர் எழுதியபடி மூன்று மணி நேரத்துக்கொரு முறை, கைகால் சூடேறும் வரை இந்த மாத்திரையைக் கொடுப்போம். எழுந்தால் மயக்கம் வரும் என்பதால் படுக்கவைத்தே பார்த்துக்கொள்வோம். வெறும் கடுப்புக்குத் துணியில் சுற்றிய ஐஸ், பாராசிட்டமால், தாங்க முடியாவிட்டால் மரத்துப்போக ஊசி. கீறுவதும் கட்டுவதும் கூடாது.

இப்போது சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கு இங்கே மொழியும் தெரியாது, ஆஸ்பத்திரிக்கு வழியும் தெரியாது. மேஸ்திரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: தேள் கொட்டிய பிள்ளை அழாமல், சில்லிட்டு, வியர்த்துக் கிடந்தால் நேரம் பார்க்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.