மணியோ, பானையோ?

நம் பாட்டன்மார் வாழ்ந்த வீடுகளிலுள்ள பழைய பெட்டகங்களைத் திறந்து பார்ப்போர்க்குச் சில வேளைகளில் ஓர் இரும்புக் கோல் அகப்படும். அதன் ஒரு முனை கூராயும் மறுமுனை சிறு கத்தி போன்றும் இருக்கும். இஃது யாது என்று இன்றைய சிறுவரைக் கேட்டால் தச்சன் கருவி என்பர். அது எழுத்தாணி. ஒரு காலத்தில் எல்லோரும் அறிந்திருந்த பொருள், வழக்கொழிந்ததும் பெயரும் பயனும் இழந்து புதிராகி விடுகின்றது. இத்தகைய பழம்பொருள்களை ஆராய்ச்சியாளர் எங்ஙனம் இனங்காண்கின்றனர் என்பதை இரண்டு உதாரணங்களால் நோக்குவாம்.

1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபாகத்திலே வில்லியம் கொலென்சோ என்பார் பிரயாணஞ் செய்தார். யாழ்ப்பாணத்திற் பாடசாலைகளை நிறுவிய சி. எம். எஸ். சபையின் அச்சுக்கூடத்தை அந்நாட்டில் நடத்தியவர் அவர். ஓரிடத்தில் மவோரிப் பெண்கள் வெண்கலப் பாத்திரமொன்றில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். புயலில் விழுந்த பெருமரமொன்றின் வேரடியில் அது கிடைத்ததென அவர்கள் கூறினர். அதன் புறத்தே அறியாத எழுத்துக்கள் காணப்பட்டன. கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதனை மாற்றிக்கொண்டார். அவ்வெழுத்துக்கள் நம் தமிழெழுத்துக்களே! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பதே அவற்றின் கருத்து. விளிம்புடைந்த மணியைத் தலைகீழாக வைத்தபோது அது பானையாயிற்று. இன்று அது வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா நூதனசாலையில் இருக்கின்றது.

இதனைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சம் பூரிப்பது இயல்பே. தமிழரே நியூசிலாந்தை முதன்முதற் கண்டனர் என்று மேடையேறி முழங்கவும் ஆசை எழும், எனக்கும் எழுந்தது. ஆயின் மணி சொல்வது யாது? தமிழ் வழங்கிய ஒரு கப்பலுக்கு அது உரியது. பெயரைக்கொண்டு நோக்கின் கப்பலுடையார் ஒரு முஸ்லிம் அன்பர். இவ்வளவே. கப்பல் அங்கே சென்றதோ, சிதைந்து அலையோடு ஒதுங்கியதோ, மணி மட்டும் பிறர் கைமாறிச் சென்றதோ, அதனை மணி சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லியதாகக் கூறுதல் தவறு. சொல்லியதை மறைத்தலும் தவறே. தமிழ் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. கடலோடிய முஸ்லிம்களும் தம் மணியில் அதனையே பொறித்தனர்.

நிற்க. எழுத்தில்லாத பொருளின் கதை வேறு. உரோமர் ஆண்ட பிரித்தானியா, பிரான்சு, ஜெர்மனி முதலிய இடங்களில், பன்னிரண்டு ஐங்கோண முகங்களும் இருபது மூலைகளிற் குமிழ்களும் உடைய, உட்கூடான வெண்கல உருக்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. முகந்தோறும் ஒரு வட்டத் துவாரம் உண்டு. 1739ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒன்று கிடைத்த நாள் முதலாக, மெழுகுதிரித் தாங்கி என்றும், நில அளவைக் கருவி என்றும், கையுறை பின்னும் அச்சு என்றும் பலர் பலவாறு கூறி வந்தனர். அளவுக் கருவியாயின் எல்லாம் ஓரளவினவாய் இருத்தல் வேண்டும்; அங்ஙனம் இல்லை. 2023ஆம் ஆண்டு நோட்டன் டிஸ்னி என்னுஞ் சிற்றூரில் ஊரவர் சங்கமொன்று அகழ்ந்தெடுத்த உரு சிறிதும் உடையாமல் இருந்தது. தேய்ந்த அடையாளமும் அதிற் காணப்படவில்லை. நாளும் கையாண்ட கருவியாயின் தேய்ந்திருக்கும் அன்றோ? ஆதலின் சமயச் சடங்குக்குரியது போலும் எனச் சிலர் கருதுவர். உரோமர் நூல்களில் இவற்றைப்பற்றிய குறிப்பு ஒன்றேனும் இன்மையால் முடிபு கண்டாரில்லை.

எழுத்து, அளவு, தேய்வு, கிடந்த இடம் என்னும் நான்குமே பழம்பொருளுக்குச் சாட்சிகள். முதல் மூன்றும் பொருளோடு வரும். கிடந்த இடமோ, குறித்து வையாவிடின், பொருளை எடுத்த அன்றே அழிந்துவிடும். முற்காலத்திற் கிடைத்த பன்னிருமுக உருக்கள் பலவற்றுக்கு அக்குறிப்பு இல்லாமையே புதிர் நீடிப்பதற்கு ஒரு காரணம்.

ஆகவே நண்பர்களே, கிணறு வெட்டும்போதோ வயலுழும்போதோ பெயரறியா உலோகத்துண்டு அகப்படின், புளியிட்டு மினுக்காதீர்கள். பழைய பித்தளை வாங்குவோனுக்கு நிறுத்து விற்காதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வீட்டிலுள்ள பழம்பண்டங்களின் பெயரையும் பயனையும் பாட்டிமாரிடம் இன்றே கேட்டெழுதி வையுங்கள். தமிழறியாத மவோரிப் பெண்கள் பானையாகவேனும் பேணியமையாலன்றோ அம்மணி நமக்குக் கிடைத்தது? தமிழறிந்த நாம் அதனினுங் குறைவாகச் செய்தல் தகுமோ?