மூணு நாள் தண்ணீர், ஒரு டார்ச், ஒரு ரேடியோ: எமர்ஜென்சி கிட் எங்கிருந்து வந்தது?

மழைக்காலம் நெருங்கினாலே ஒரு கேள்வி தவறாம வரும். "வீட்டுக்கு ஒரு எமர்ஜென்சி கிட் ரெடி பண்ணணும், என்னென்ன வாங்கலாம்?" பட்டியல் வேணும்னா இணையத்துல நூறு கிடைக்கும். எல்லாத்துலயும் ஏறக்குறைய இதேதான் இருக்கும்: ஆளுக்கு மூணு நாளைக்குத் தண்ணீர், கெட்டுப்போகாத உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ, முதலுதவிப் பெட்டி, கொஞ்சம் பணம். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் தன் மக்களிடம் 72 மணி நேரம் தாக்குப்பிடிக்கத் தயாராக இருங்கள் என்று சொன்னது. ஆணையர் ஹாஜா லாபிப் தன் கைப்பையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் காட்டினார். டார்ச், தண்ணீர், பணம், ஒரு சீட்டுக்கட்டு. அந்த வீடியோவை வெச்சு வந்த மீம்ஸ் உங்க கண்ணுல பட்டிருக்கும்.

என் சந்தேகம் வேற. ஏன் 72? ஏன் ரேடியோ? கோட்ல புரியாத ஒரு நம்பர் இருந்தா, அதை யார் எப்போ எழுதினாங்கன்னு பழைய வரலாற்றைத் தோண்டுவோம் இல்லையா, அதே பழக்கத்துல இந்தப் பட்டியலையும் தோண்டினேன். அது புயலுக்கோ வெள்ளத்துக்கோ எழுதப்பட்டதா இருக்கும்னுதான் நினைப்போம். ஆனா அதன் முக்கியமான வேர் அணுகுண்டுல இருக்கு.

1951-ல் அமெரிக்காவில் ஃபெடரல் சிவில் டிஃபென்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அமைப்பு சட்டப்படி வேலையைத் தொடங்கியது. சோவியத் குண்டு விழுந்தால் மக்களைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பு. அந்த அமைப்பு காங்கிரஸிடம் 40 கோடி டாலருக்கு மேல் கேட்டது. கிடைத்தது சுமார் 3 கோடி. ஊருக்கு ஊர் பதுங்கு அறை கட்ட அந்தக் காசு எந்த மூலைக்கு? ஆக, கையில் இருந்த ஒரே மலிவான வழி பிரசுரம் அச்சடிப்பதுதான். உங்கள் குடும்பத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை எத்தனை அழகாகச் சொல்ல முடியுமோ அத்தனை அழகாகச் சொன்னார்கள்.

குண்டு வருவதற்குள் நகரத்தைவிட்டுக் காரில் வெளியேறுவது ஒரு திட்டமாக இருந்தது. அதை 1954 மார்ச் 1 மாற்றியது. பசிபிக்கில் பிகினி பவளத்தீவில் நடந்த காசில் பிராவோ சோதனையில், சுமார் 6 மெகாடன் என்று கணித்த குண்டு 15 மெகாடனாக வெடித்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த செப்டம்பரில் இறந்துபோனார். ஊரைவிட்டு ஓடினாலும் சாம்பல் துரத்தி வரும் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அப்புறம் எங்க ஓடுறது? கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கணும். உள்ளேயே இருக்கணும்னா, சாப்பாடும் தண்ணியும் உள்ளே இருக்கணும்.

1955-ல் அந்த அமைப்பு நடத்திய பிரச்சாரத்தின் பெயர் 'கிராண்ட்மாஸ் பேன்ட்ரி'. அதாவது பாட்டியின் உக்கிராண அறை. ஏழு நாளைக்கான உணவும் தண்ணீரும் வீட்டில் வையுங்கள், பழையதை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள் என்பது சாரம். பெயரில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாட்டிகள் பனிக்காலத்துக்குப் பண்டங்களைச் சேர்த்து வைத்தார்கள், நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள் என்று சொன்னால் அணுகுண்டு பயம் அடுக்களை வேலையாகிவிடுகிறது. அந்த வேலை யார் தலையில் விழும் என்பதும் முடிவாகிவிடுகிறது. இந்தப் பிரச்சாரத்தின் முகமாக இருந்தவர் அமைப்பின் மகளிர் பிரிவுத் தலைவர் ஜீன் வுட் ஃபுல்லர். 1955 மே 5-ல் நெவாடா பாலைவனத்தில் 29 கிலோடன் குண்டு வெடித்தபோது, சுமார் 3,500 கஜ தூரத்தில் ஒரு பதுங்கு குழிக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்ணால் இதைத் தாங்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டத்தான். அங்கே வீடுகள் கட்டி, பொம்மை மனிதர்களை வைத்து, டப்பா உணவு தாங்குமா என்று சோதித்தார்கள். அந்த வருடச் சோதனைகளில் பீரும் சோடாவும்கூட உண்டு. குடிக்கலாம், ருசி கொஞ்சம் மாறலாம் என்பது முடிவு! ரிப்போர்ட் எழுதினவர் முகத்தைப் பாக்கணும்போல இருக்கு.

இப்போ அந்த நம்பருக்கு வருவோம். சில வருடங்களில் ஏழு நாள் என்பது இரண்டு வாரமாக மாறியது. இதற்குப் பின்னால் உண்மையான இயற்பியல் இருக்கிறது. குண்டுச் சாம்பலின் கதிர்வீச்சுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நேரம் ஏழு மடங்கு ஆகும்போது வீரியம் பத்தில் ஒன்றாகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்தது, 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. 49 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில், நூறில் ஒரு பங்கு. 343 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 343-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்க, பதினாலு நாள் சொச்சம். கணக்கு சுத்தம்.

72 மணி நேரத்துக்கு அப்படி ஒரு சமன்பாடு கிடையாது. அது பின்னாடி வந்தது. 1979-ல் அமெரிக்கா சிவில் டிஃபென்ஸையும் இயற்கைப் பேரிடர் வேலைகளையும் ஒன்றாக்கி ஃபீமா என்ற முகமையை உருவாக்கியது. பழைய பட்டியலில் இருந்து சாம்பல் போய், நிலநடுக்கமும் சூறாவளியும் வந்தன. நாள் கணக்கு சுருங்கியது. மீட்புக் குழு உங்கள் தெருவுக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகலாம் என்ற நிர்வாக மதிப்பீடுதான் மூன்று நாள். பதினாலு, சாம்பல் எப்போ அடங்கும்னு சொன்னது. மூணு, அதுவரைக்கும் எங்களை எதிர்பார்க்காதீங்கன்னு அரசாங்கம் சொல்றது.

ரேடியோவுக்கும் கதை உண்டு. 1951 முதல் 1963 வரை அமெரிக்காவில் கோனல்ராட் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. எச்சரிக்கை வந்தால் வழக்கமான ஒலிபரப்பு எல்லாம் நின்றுவிடும். 640, 1240 என்ற இரண்டு அலைவரிசைகளில் மட்டும் நிலையங்கள் மாறி மாறிப் பேசும். எதிரி விமானம் ரேடியோ சிக்னலைப் பிடித்துக்கொண்டே நகரத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தக் காலத்து அமெரிக்க ரேடியோக்களின் டயலில் அந்த இரண்டு இடங்களிலும் குட்டி முக்கோணக் குறி இருக்கும். விமான பயம் போய், முக்கோணமும் போய்விட்டது. ரேடியோ மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது.

தங்கினதும் நல்லதுதான். 2015 டிசம்பர்ல சென்னையில நான் காலேஜ் படிச்சிட்டிருந்தேன். எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்லை, ரெண்டாவது நாளே எல்லார் போனும் செத்துடுச்சு. மாடி வீட்டுத் தாத்தா ஒருத்தர் கிட்ட பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. அடையாற்றில் தண்ணீர் ஏறுதா இறங்குதான்னு எங்க பில்டிங் முழுக்க அவர் வீட்டு வாசல்ல நின்னு கேட்டோம்.

இந்த வரலாற்றில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 1961. பெர்லின் நெருக்கடி உச்சத்தில் இருந்த ஜூலை 25 அன்று, அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் பேசி, பதுங்கு அறைகளுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். வசதியுள்ளவர்கள் வீட்டுக்கு அடியில் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தார்கள். உடனே ஒரு கேள்வி வந்தது: பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? அந்த செப்டம்பர் 29-ல் 'தி ட்வைலைட் ஸோன்' தொடரில் ஒரு எபிசோடு இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. அதே நேரத்தில், மெக்ஹ்யூ என்ற கத்தோலிக்கப் பாதிரியார், உள்ளே நுழைய முயல்பவனைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற வாதத்தை ஒரு பத்திரிகையில் எழுதினார். நாடே சண்டை போட்டது. குடும்பத்துக்கு ஒரு கிட் என்று சொல்லிவிட்டால், குடும்பத்துக்கு வெளியே இருப்பவர் யார் என்ற கேள்வி கூடவே வரத்தான் செய்யும்.

அரசாங்கம் அப்புறம் பொதுப் பதுங்கிடங்கள் பக்கம் திரும்பியது. பெரிய கட்டடங்களின் அடித்தளங்களில் பிஸ்கட்டும் தண்ணீரும் அடுக்கினார்கள். ஓர் ஆளுக்கு மொத்தமே 10,000 கலோரி. பதினாலு நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 700 சொச்சம். தண்ணீர், 17.5 கேலன் டிரம் ஒன்று ஐந்து பேருக்கு. ஒரு நாளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர்கூட முழுசாக வராது. டிரம் காலியானதும் அதையே கழிப்பறையாகப் பயன்படுத்தலாம் என்பது திட்டத்திலேயே இருந்தது. 2006-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்குள் ஓர் அறையைத் திறந்தபோது, அந்த டிரம்களும் மூன்றரை லட்சம் பிஸ்கட்டும் அப்படியே இருந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல யாருமே எட்டிப்பாக்கலை.

அதற்குச் சற்று முன்னால், 2003 பிப்ரவரியில், தீவிரவாதத் தாக்குதல் அபாயம் கூடுவதாகச் சொன்ன அமெரிக்க அரசு, பிளாஸ்டிக் ஷீட்டும் டக்ட் டேப்பும் வாங்கி வைக்கச் சொன்னது. சில ஊர்களில் கடைகளில் டேப் தீர்ந்தே போனது. ஜன்னலை இப்போதே ஒட்டாதீர்கள் என்று அமைச்சர் டாம் ரிட்ஜ் சொல்ல வேண்டியிருந்தது. டிவி காமெடியன்களுக்கு ஒரு மாதத்துக்குத் தீனி.

சிரிக்க முடியாத விஷயம் 2005-ல் நடந்தது. கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது ஆகஸ்ட் 29 அன்று. மாதக் கடைசி. சம்பளமும் உதவித்தொகையும் ஒன்றாம் தேதிதான் வரும். அந்த நகரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் கார் இல்லை. கிட் வாங்கக் காசும் இல்லாமல், வெளியேற வண்டியும் இல்லாமல் இருந்தவர்களிடம் போய், ஏன் நீங்கள் தயாராக இல்லை என்று கேட்டார்கள். பேஸ்மென்ட் உள்ள சொந்த வீட்டை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அவர்களைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

இவ்வளவு தெரிஞ்சுக்கிட்ட பிறகும் கிட் வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க வீட்டுக்கு ஒண்ணு ரெடி பண்ணிட்டேன். அம்மாவோட பிரஷர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு. ஆதார், வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஜிப் கவர்ல. நெட்வொர்க் போனா யூபிஐ போயிடும், அதனால நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களா கொஞ்சம் பணம். கூடவே ஒரு சின்ன எஃப்எம் ரேடியோ, செல்லைத் தனியா கழட்டி வெச்சு.

தண்ணீர்லதான் மாட்டினேன். ஃபீமா கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். நாலு பேர், மூணு நாள், மொத்தம் 45 லிட்டர். நம்ம 20 லிட்டர் கேன் கணக்குல ரெண்டு கேனும் ஒரு அஞ்சு லிட்டர் பாட்டிலும். அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கேட்டாங்க: "தண்ணி வந்தா முதல்ல கீழ் வீட்டுக்காரங்கதானே மேல வருவாங்க? அவங்க அஞ்சு பேருடா."

இப்போ அஞ்சு கேன் இருக்கு. பால்கனியில துணி காயப்போட இடமில்லை.